செடி அறைக்குக் கூரை பார்த்தது

வடவள்ளிப் பக்கத்தில் கூரைகள் வெள்ளிக்கிழமைகளில்தான் வீடு பார்க்க வரும். செவ்வாய்க்கிழமை வருகிற கூரை ஒழுகும் என்பதால் அன்று யாரும் கேட்டைத் திறப்பதில்லை. வந்த கூரைக்குப் பஜ்ஜியும் காப்பியும் கொடுக்க வேண்டும். பிறகு வீட்டுக்காரர் கூரையில்லாத அறையில் மல்லாந்து படுப்பார். கூரை மேலே ஏறி நிற்கும். பக்கத்தில் வைத்த காப்பி ஆறும்வரை இருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்திருந்தால் வீட்டுக்காரர் 'இருங்க' என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், கூரை தங்கிவிடும்.

நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அவர் மோட்டார் பம்ப்செட் ஏஜென்சி வைத்திருந்தார். கிணற்றின் ஆழத்தைக் கேட்டவுடன் எந்த மோட்டார் போட வேண்டும் என்று பட்டென்று சொல்லிவிடுவார். அது அடுத்தவர் கிணறு. சொந்த விஷயத்தில் ஆள் வேறு. ஓட்டலில் உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்கு என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார். கொடுத்த பிறகு அதற்கும் அடுத்த மேஜையைப் பார்த்து வருத்தப்படுவார். தன்னைப் போல ஒரு மண்டூகம் கொங்கு நாட்டிலேயே கிடையாது என்பது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வீட்டை ஒட்டி அவர் மனைவி தெய்வானைக்காகக் கட்டிய செடி அறை அது. நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். உள்ளே அவள் வளர்த்த பெரணியும் ஆந்தூரியமும், நடுவில் செல்லமாக ஒரு பிகோனியாவும். காலைக் காப்பியை அவள் அங்கேதான் குடிப்பாள். கூரை மட்டும்தான் பாக்கி.

முதலில் வந்தது கண்ணாடிக் கூரை. நல்ல குடும்பம். கூடவே தாய்மாமன் முறையில் தடித்த கண்ணாடி ஒன்றும் வந்து ஹாலில் உட்கார்ந்தது. நாச்சிமுத்து மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தார். மேலே தொப்பையும் வழுக்கையுமாக ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். தினமும் இந்த ஆளையா பார்த்துக்கொண்டிருப்பது என்று அவருக்குச் சலிப்பாகிவிட்டது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வீட்ல கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோமுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாக் கூரைக்கும் தெரியும். மாமன் கண்ணாடி கடைசி பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்தது.

அடுத்தது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் தகடு. எளிய கூரை, அடக்கமான குணம், எடையும் இல்லை. மழை பெய்தால் கொஞ்சம் சத்தம் போடும் என்பதை அதுவே ஒளிக்காமல் சொன்னது. நாச்சிமுத்துவுக்கு மனதுக்குள் பிடித்தே விட்டது. காப்பியும் ஆறிவிட்டது. சொல்லப் போகும் நேரத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை இதைவிட நல்லதாக ஒன்று வந்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. "நீங்க நாளாக நாளாக மஞ்சளாயிருவீங்கன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். கேட்ட இடத்திலேயே அது லேசாக மஞ்சளானது. அன்றைக்கும் தகவல் சொல்கிறோம் என்றுதான் அனுப்பினார்.

அதற்கப்புறம் மங்களூர் ஓடு குடும்பத்தோடு வந்தது. படுத்திருந்தவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, "எங்க பாரத்த இந்த எடம் தாங்குமுங்களா?" என்று கேட்டது. அது இடத்தைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்கிறது என்று அவருக்குப் பட்டது. முந்திக்கொண்டார். "தகவல் சொல்றோமுங்க."

கூரையில்லாத அறை ஒரு வீட்டில் ரொம்ப நாள் தங்காது. அதற்கும் மானம் மரியாதை உண்டு. ஒரு காலையில் செடி அறைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பூனை படுத்திருந்தது. அடுத்த வாரம் தெய்வானை அந்த இடைவெளியில் பலகை போட்டு அறைக்குள் போனாள். அதற்கும் அடுத்த வாரம் அறை வாசல் முருங்கை மரத்தைத் தாண்டிவிட்டது. எதிர்வீட்டுக் குப்புராஜ் எதையும் கேட்டவுடன் முடிவு சொல்லிவிடுகிறவர் என்று ஊருக்கே தெரியும். அறை அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

"அம்மிணி, ரூமு கேட்டுக்கிட்டப் போயிருச்சு பாத்தியா?" என்றார் நாச்சிமுத்து.

"பாத்தனுங்க."

"போயிருச்சுன்னா?"

"நானுந்தான் போகோணும். செடிக்குத் தண்ணி ஊத்தோணுமில்லீங்க?" என்றாள் தெய்வானை. கோபமாகச் சொல்லவில்லை. பிகோனியாவின் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நாச்சிமுத்து சண்டை போட்டுச் சமாளித்திருப்பார். எதிர்வீட்டுக்குப் போய், தன் மனைவி காப்பி குடிப்பதை வாசலில் நின்று பார்க்கிற பிழைப்பு தனக்கு வந்துவிடும் என்று பயந்தார். அன்றே கூரைத் தரகர் சென்னியப்பனைப் பிடித்தார்.

"இனி ஒண்ணும் வராதுங்க. உங்கூட்டுப் பேரு கெட்டுப்போச்சு. பஜ்ஜி நல்லா இருக்கும், ஆளு முடிவு சொல்ல மாட்டாருன்னு கூரைங்களே பேசிக்குதுங்க" என்றார் சென்னியப்பன்.

"அந்தப் பாலிகார்பனேட்ட மட்டும் மறுபடி கேட்டுப் பாருங்க. மஞ்சளா இருந்தாலும் பரவால்லீங்க."

"அது ஒரு பல் டாக்டர் வீட்ல அமைஞ்சிருச்சுங்க. நல்லா வெச்சிருக்காங்களாம்."

நாச்சிமுத்து வீட்டுக்குத் திரும்பியபோது பாலக்காட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. செடி அறை கேட்டைத் தாண்டி நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தெய்வானை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்ததும் பிகோனியாவுக்கு மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தாள். எதிர்வீட்டுக் கேட்டைக் குப்புராஜ் இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்திருந்தார்.

நாச்சிமுத்து யாரையும் கலந்து பேசவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார். நகருகிற சுவரில் சாத்தி ஏறி, அறையின் மேல் குப்புறப் படுத்து, கைகால்களை நாலு மூலைக்கும் நீட்டினார். மூன்று மூலைதான் எட்டியது. முதுகில் மழை சடசடவென்று அடித்தது. பாலிகார்பனேட்டைவிட அவர் அதிகமாகச் சத்தம் போட்டார்.

அறை நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. ஆனாலும் அறை முடிவு செய்கிற விஷயமில்லை அது.

தெய்வானை வீட்டுக்குள் போய், அடுப்பிலிருந்து இறக்கிய காப்பியோடு திரும்பி வந்தாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தாள். அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளை மேலிருந்து பார்த்ததே இல்லை. வகிட்டோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. பஜ்ஜி தின்ற கூரைகளை எல்லாம் அவ்வளவு உற்றுப் பார்த்தவன் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. கூடவே தன் பக்கத்துக் குறைகளும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒரு மூலை எட்டவில்லை. நடுவில் தொய்வு. வழுக்கை வழியாக வெயில் எப்படி இறங்கும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கூரைகள் வாயைத் திறந்து மன்றாடக் கூடாது என்பதால் பேசாமல் கிடந்தார். காப்பி ஆறுவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்பது கீழே படுத்திருந்த நாட்களில் அவருக்குத் தெரிந்ததில்லை.

தெய்வானை எழுந்து காப்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் மேக்கால தள்ளிக்கோங்க. பிகோனியா மேல தண்ணி விழுகுது" என்றாள்.

அவர் மேற்கே தள்ளிக்கொண்டார்.

"இருங்க" என்றாள்.

அறை வந்த வழியே திரும்பி, முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றது. குப்புராஜ் கேட்டைச் சாத்தினார். நாச்சிமுத்து அதற்குப் பிறகு ஏஜென்சிக்குப் போகவில்லை. மோட்டார் கேட்டு வருகிறவர்கள் ரோட்டில் நின்றபடியே கிணற்றின் ஆழத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருதமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் மெதுவாக வந்தது. பேருந்துகள் அதன் பின்னால் பொறுமையாக வந்தன. மண்டபம் வாசலில் நின்று, தட்டில் வைத்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டது.

"பந்தி நடக்கற ஹாலுக்கு மேல ஒண்ணுமில்லீங்க. உங்கூட்டுக் கூரை அவசரத்துக்கு உதவற கூரைன்னு கேள்விப்பட்டேன். பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்றது.

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரம் பேர் சாப்பிடுகிற ஹால்! தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, நாலாவது மூலையை எட்டுவதுபோலக் காலை நீட்டினார். பிறகு கீழே பார்த்தார். தெய்வானை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோமுங்க" என்றாள்.

மண்டபம் புரிந்துகொண்டது. கடைசி பஜ்ஜியை வைத்துவிட்டுத் திரும்பி, பேருந்துகளுக்கு வழிவிட்டுப் போனது.

தெய்வானை உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிகோனியாவின் இலையில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு. வெளியே நல்ல வெயில். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் கண்ணைக் கொட்டிக்கொண்டு முகத்தை மூலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒழுகுதுங்க" என்று சொல்லிவிட்டு, பிகோனியாவை நகர்த்தி அந்த இடத்தில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.