ஆம்புலன்ஸ் திரும்பும் வரை

“அடுத்து மட்டையோடு வருபவர்...” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு ஆர்லன் ஸ்வெண்ட்சன் நின்றுபோனார்.

பக்கத்து நாற்காலியில் ஸ்கோர் பலகையின் பொத்தான்களோடு உட்கார்ந்திருந்த அவர் மகள் டார்லா நிமிர்ந்து பார்த்தாள். கீழே பேஸ்பால் களத்தில் ஆட்டக்காரன் மட்டையைத் தோளில் சாய்த்தபடி, தன் பெயருக்காக மேலே பார்த்து நின்றான். அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாய் திறந்தே இருந்தது.

“எச்சவரியா,” என்று டார்லா உதட்டை மட்டும் அசைத்தாள்.

“ஒஸ்வால்டோ எச்சவரியா!”

கூட்டத்தில் சிலர் சிரித்துக் கைதட்டினார்கள். பெயரின் பாதியில் குரல் தேய்ந்துபோனதை அவர்கள் கவனிக்கவில்லை. டார்லா கவனித்தாள். அப்பா ஒரு பெயரைத் தவறவிட்டு அவள் பார்த்ததே இல்லை. அணிக்குப் புதிதாக யார் வந்தாலும் ஆட்டத்துக்கு முன்னால் அவனைத் தேடிப் போய், “உங்கம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படிச் சொல்லிக் காட்டு,” என்று கேட்டுக்கொண்டு வருவார். ஜப்பான்காரன், கியூபெக்காரன், டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவன், எல்லோருடைய பெயரும் அவர் வாயில் சரியாகத்தான் வரும்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. மத்தியானம் தின்ன ஹாட்டாக்.”

“ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?”

“வெயில் அடிச்சா வேர்க்காதா? பலகையைப் பாரு. ஒரு பந்து போயிடுச்சு, நீ இன்னும் மாத்தல.”

அவள் பொத்தானை அழுத்தினாள். மேல்தளத்தின் அந்த மர அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. இடது கையை மடியில் போட்டு வலது கையால் அதைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“கை வலிக்குதா?”

“டார்லா...”

“நான் டுவேனைக் கூப்பிடுறேன்.”

“கூப்பிடாத.” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வண்டி போனா ஆட்டம் நின்னுடும். இந்த இன்னிங்ஸ் முடியட்டும். அப்புறம் நானே கீழ இறங்கி வர்றேன்.”

அவர் சொன்னது உண்மைதான். மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்காமல் ஆட்டம் நடக்கக் கூடாது என்பது லீக்கின் விதி. கார்வெல்லில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். அது இப்போது வலது பக்க வாசலுக்குள் நிழலில் நின்றது. அதன் பின்படியில் உட்கார்ந்து டுவேன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். வண்டி வெளியே போனால் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் திரும்பாவிட்டால் ஆட்டம் ரத்து. இன்று ரத்தானால் எல்லாம் ரத்து.

கார்வெல் ஹாப்பர்ஸ், அதாவது வெட்டுக்கிளிகள், பெரிய அணி எதற்கும் சொந்தமில்லாத சிற்றூர் அணி. பெரிய அணிகள் கழித்துவிட்டவர்களும் யாருமே எடுக்காதவர்களும் வந்து ஒரு கோடையோ இரண்டு கோடையோ ஆடிவிட்டுப் போவார்கள். அணி தொடங்கியபோது டார்லா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முதல் முதலாளி அந்த ஆகஸ்டிலேயே ஊரைவிட்டுக் காணாமல் போனார். ஊர்க்காரர்கள் ஆட்டக்காரர்களை வீட்டுக்கு இருவராகக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு மிச்ச ஆட்டங்களை ஆட வைத்தார்கள். பிறகு லீக்கே கலைந்தது. சில கோடைகள் மைதானத்தில் புல் மட்டும் வளர்ந்தது. அந்தக் கோடைகளில் ஆர்லன், “அடுத்து சாப்பாட்டு மேசைக்கு வருபவர், லாவோன் ஸ்வெண்ட்சன்!” என்று தினமும் மனைவியை அறிவித்துக்கொண்டிருந்தார். “ஊருக்கு மறுபடி ஒரு அணி வந்தாத்தான் எனக்கு விடிவு,” என்பாள் லாவோன். வேறொரு லீக்கில் அணி மறுபடி வந்தது. ஒரு புயலில் இடது பக்க வேலி பறந்து சோள வயலில் போய் விழுந்தது. தூக்கிக்கொண்டு வந்து நட்டார்கள். இத்தனைக்கும் ஒருமுறைகூட அணி இறுதிச் சுற்றுக்குப் போனதில்லை. இன்று ஜெயித்தால் போகலாம். ஒரு ஓட்டம் பின்னால் இருந்தார்கள்.

எச்சவரியா நான்கு மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டதால், ஓடாமல் நடந்தே முதல் முனைக்குப் போனான். இப்போது மூன்று முனைகளிலும் ஆட்கள். இரண்டு பேர் அவுட். இன்னொருவர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடியும்.

எதிரே ஆடிய நெப்ராஸ்கா அணியின் பயிற்சியாளர் வெளியே வந்து நடுவரிடம் எதையோ கேட்டு, மெதுவாகப் பந்து வீசும் மேட்டுக்கு நடந்து, பந்து வீச்சாளரை மாற்றினார். புதியவன் ஓடிவந்தான். கையைச் சுழற்றினான். பழகிப் பார்க்க ஒரு பந்து, இன்னொன்று, இன்னொன்று. டார்லாவுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

“தண்ணி குடிப்பா.”

“வை அங்க.” மைக்கைத் திறந்தார். “அடுத்து மட்டையோடு வருபவர், ட்ரெண்ட் குலிகோவ்ஸ்கி.”

இந்த முறை பெயர் ஒழுங்காக வந்தது. டார்லாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருவேளை ஹாட்டாக்தானோ என்னவோ.

குலிகோவ்ஸ்கி இரண்டு பந்தைத் தவறவிட்டான். இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவுட். ஆனால் அடுத்த பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. அது கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டும். மறுபடி போட்டான். மறுபடி வெளியே. மறுபடியும். ஒவ்வொரு முறையும் கூட்டம் எழுந்து உட்கார்ந்தது. டார்லா மேசைக்கு அடியில் முழங்காலை இறுக்கிக்கொண்டாள். விட்டுடு, என்று மனசுக்குள் சொன்னாள். அவுட் ஆயிடு, தயவுசெஞ்சு அவுட் ஆயிடு. ஹாப்பர்ஸ் ஆள் ஒருவன் அவுட்டாக வேண்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக அவள் வேண்டிக்கொண்டாள்.

கீழே, அறைக்கு நேராக இருந்த வரிசையில் அம்மா ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி மேலே பார்த்தாள். அப்பா கையைத் தூக்கிக் காட்டினார். வலது கையை.

குலிகோவ்ஸ்கி அடித்தான். பந்து இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து வேலி வரை உருண்டது. ஒருவன் ஓடிவந்து ஓட்டம் எடுத்தான், பின்னாலேயே இன்னொருவன். அறையின் தரை அதிர்ந்தது. அப்பா சிரித்தார்.

“பாத்தியா?” என்றார். “பாத்தியாடி?”

அவர் உதடு நீலமாக இருந்தது.

டார்லா இன்னிங்ஸ் முடியக் காத்திருக்கவில்லை. போனை எடுத்து, “டுவேன், மேல வா, அப்பாவுக்கு,” என்று மட்டும் சொன்னாள். அவன் விதைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

“சொன்னேன்ல உனக்கு,” என்றார் அப்பா. கோபத்தைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது. அடுத்தவன் பெயருக்காகக் கீழே காத்து நின்றான். அவர் மைக்கை நோக்கிக் குனிந்தார். பிறகு நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார்.

டுவேனும் அவனோடு வேலை செய்யும் பெண்ணும் அவரை மடக்கு நாற்காலியில் வைத்துக் கட்டி, குறுகலான இரும்புப் படியில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மூக்கில் ஆக்ஸிஜன். நடுவர் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். மைதானம் முழுக்க அமைதி. படியடியில் அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“மணியைப் பாத்துக்கங்க. ஒரு மணி நேரம்தான்,” என்றார் அப்பா.

“வாயை மூடிட்டு வா, ஆர்லன்,” என்றாள் அம்மா. பிறகு குனிந்து அவர் காதருகே, “எல்லாரும் பாக்குறாங்க. கையை ஆட்டு. பயந்துபோயிருக்காங்க,” என்றாள்.

அவர் கையை ஆட்டினார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

டார்லா முன்னிருக்கையில் டுவேன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அம்மா பின்னால் அவரோடு. பள்ளிக்கூடத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஆர்லன். டுவேனும் அவரிடம்தான் கற்றான்.

“டுவேன்,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “திரும்புறதுக்கு முன்னாடி விளக்கு போடணும்.”

“போட்டுட்டேன் சார்.”

“லேட்டாப் போட்ட.”

டுவேன் சிரித்தான். டார்லாவும் சிரித்துவிட்டாள். தானியக் களஞ்சியத்தைத் தாண்டினார்கள். ரயில் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். வண்டி குலுங்கியது. அதற்கு அப்பாவிடமிருந்து ஒரு குறை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

“ஆர்லன்,” என்றாள் அம்மா. பிறகு, “ஆர்லன், ஏதாவது பேசு.”

டுவேன் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தான். அதுவரை போடாத சைரனைப் போட்டான்.

மருத்துவமனையில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. யாரோ ஓடினார்கள், யாரோ ஒரு எண்ணைச் சத்தமாகச் சொன்னார்கள். அப்புறம் ஓடுகிற சத்தம் நின்றது. அது நின்றதுதான் டார்லாவைக் கலக்கியது. டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். அம்மா அவர் வாய் திறக்கும் முன்பே எழுந்து, “உள்ள போகலாமா?” என்று கேட்டாள்.

அப்பாவின் சட்டையை வெட்டியிருந்தார்கள். மார்பு வரை வெள்ளைப் போர்வை. நெற்றியில் மேசை விளிம்பு பதிந்த கோடு இன்னும் இருந்தது. அம்மா பையிலிருந்து சீப்பை எடுத்து அவர் முடியை வாரினாள். வகிடு சரியாக வரவில்லை. கலைத்துவிட்டு மறுபடி வாரினாள்.

வாசலில் டுவேன் நின்றான். இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. அவன் அவசரமாக ஒலியைக் குறைத்தான். மறுபடி கரகரத்தது.

“யாரு அது?” என்றாள் அம்மா, திரும்பாமல்.

“ஒண்ணுமில்லம்மா.”

“யாருன்னு கேட்டேன்.”

“மைதானத்துல இருந்து. வண்டி எப்போ வரும்னு...” அவன் முகம் சிவந்துவிட்டது. “நான் வரலன்னு சொல்லிடுறேன். நான் எங்கயும் போகல.”

அம்மா சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியை எடுத்து விரலில் சுற்றினாள். டார்லா சுவரில் சாய்ந்து நின்று, அம்மாவின் தோளைத் தொட வேண்டும் என்று நினைத்தாள். கை எழவில்லை. அந்த அரை இன்னிங்ஸ் மட்டும் ஓயாமல் அவள் தலைக்குள் ஓடியது. பந்து வெளியே. மறுபடி. மறுபடி வெளியே.

“அம்மா,” என்றாள். “நான் முன்னாடியே...”

“ஆட்டம் எப்படி இருக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“நாம ஒண்ணு முன்னாடி.”

“அப்ப நேரம் இருக்குல்ல?” டுவேனைப் பார்த்தாள். “போங்க. இங்க உங்களுக்கு இனி என்ன வேலை?” பிறகு பையைத் திறந்து கார் சாவியை எடுத்து டார்லாவிடம் நீட்டினாள். “கார் அங்கதான நிக்குது. இவங்களோடயே போய் எடுத்துட்டு வந்துடு. அப்புறம் ஆள் கிடைக்காது.”

“உன்னைத் தனியா விட்டுட்டா?”

“தனியா எங்க இருக்கேன்,” என்றாள் அம்மா. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அவங்க கேட்டா என்ன சொல்றது?”

அம்மா போர்வையின் ஓரத்தை அப்பாவின் தோளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது டுவேன் சைரன் போடவில்லை. பின்னால் காலியான கட்டிலின் பட்டைக் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அந்தப் பெண் எட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

“நான் சொல்லவா?” என்று டுவேன் கேட்டான். “நீ வண்டியிலயே இரு. நான் போய் நடுவர்கிட்ட சொல்லிடுறேன்.”

“சொன்னா ஆடுவாங்களா?”

அவன் யோசித்தான். “தெரியல.”

“எனக்கும் தெரியல.”

வலது பக்க வாசலை இருவர் அகலத் திறந்துவிட்டார்கள். வண்டியின் மூக்கு உள்ளே நுழைந்ததுமே மைதானம் எழுந்து நின்றது. முதலில் வெயில் பக்கத்து இருக்கைகள், பிறகு எல்லாப் பக்கமும். தொப்பிகள் மேலே போயின. இருக்கையடிப் பலகைகளைக் காலால் உதைத்தார்கள். ஆட்டக்காரர்கள் புல்லிலிருந்து எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்தபடி தங்கள் இடங்களுக்கு ஓடினார்கள். குலிகோவ்ஸ்கி தன் முனையில் நின்று வண்டியை நோக்கித் தலைக்குமேல் கைதட்டினான். டுவேன் என்ஜினை நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

சத்தம் ஓயக் காணோம். வேலியோரமாக, அணியின் சின்னமான வெட்டுக்கிளி வேஷம் போட்ட ஆள் பெரிய பச்சைக் கால்களைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓடிவந்தான். வேஷத்தில் இருக்கும்போது அவன் பேசக் கூடாது. டார்லாவின் ஜன்னலுக்கு வெளியே நின்று, மூச்சு வாங்க, பஞ்சடைத்த கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பிறகு, நல்லாயிருக்காரா என்று கேட்பதுபோல் அந்தப் பெரிய தலையை ஒரு பக்கம் சாய்த்து, விரலை இறக்காமல் காத்திருந்தான்.

டார்லா கண்ணாடியை இறக்கினாள்.