பதினோரு அடி

பொன்சியானோவால் பன்னிரண்டாவது அடி எடுத்து வைக்க முடியாமல் போன செவ்வாய்க்கிழமை காலை, அவன் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தது. மனைவி தெயோபிஸ்தா வாழைக்காய் உரித்துக்கொண்டே, வரும்போது உப்பு வாங்கி வரச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தான். நலுபாலே ஏரிக்கரை விலங்குக் காட்சிச்சாலையில் அவனுக்கு ஆய்வு உதவியாளர் வேலை. சிறுத்தைக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அது நடக்கிறதா, படுத்திருக்கிறதா, தின்கிறதா என்று தாளில் குறிக்க வேண்டும். சிறுத்தை சுவரோரமாக நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். பொன்சியானோவின் காலால் அளந்தால் அது பதினோரு அடி. நாள் முழுக்க அதுதான். தாளில் நடைக்கான கட்டம் மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தது.

ஆய்வை நடத்திய டாக்டர் அதுஹைரே நாட்டின் மேற்குப் பக்கத்துப் பெண்மணி, ஏரிக்கரைக் குல வழக்கம் அறியாதவர். விலங்கோடு பேசக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே விதி. "அதுக்கு நீங்க ஒரு கல்லு, அவ்ளோதான்" என்றிருந்தார். ஆனால் பொன்சியானோ சிறுத்தையைக் குலச்சின்னமாகக் கொண்ட சிறுத்தைக் குலத்தான்; சிறுத்தையும் அவனுக்குக் குலத்தார்தான். குலத்தார் முன்னால் அப்பன் பெயரும் பாட்டன் பெயரும் சொல்லாமல் உட்காருவது அங்கே பெரிய மரியாதைக்கேடு. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தான். அந்தச் செவ்வாயன்று எழுந்து நின்று, தான் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று ஏழு தலைமுறையை ஒப்பித்தான். சிறுத்தை நடையை நிறுத்தி முழுவதையும் கேட்டது. முடிந்ததும் கண்ணைப் பாதி மூடித் திறந்தது. குலத்துப் பெரியவர்கள் ஒருவனை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதும் அப்படித்தான். நிற்பதற்குத் தாளில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தான். பிறகு சைக்கிளை நோக்கி நடந்தவன் பதினோராம் அடியில் திரும்பிவிட்டான். மறுபடி முயன்றான், மறுபடி திரும்பினான். ஏற்றுக்கொண்ட வீட்டின் அளவு பிள்ளைக்கும் வந்துவிட்டிருந்தது.

தூக்கிக்கொண்டு போனால் தடையில்லை என்று மாலைக்குள் தெரிந்தது. நாலு பேர் அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டில் இறக்கினார்கள். இறக்கிய இடத்திலிருந்து பதினோரு அடி. கட்டிலிலிருந்து வாசல் பதின்மூன்று அடி என்பதால் தெயோபிஸ்தா கட்டிலை நகர்த்திப் போட்டாள். அடுத்த நாலு வருடமும் அவனைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அவளே வேலைக்குக் கொண்டுபோனாள். சந்தைப் பெண்கள் சும்மா விடவில்லை.

"புருஷன முந்தானைல முடிஞ்சு வச்சவளப் பாத்திருக்கேன், கேரியர்ல கட்டி வச்சவள இப்பதான்டி பாக்குறேன்!"

"உன் ஆளு எத்தன அடி போறான்னு உனக்காவது தெரியுமாடி? எனக்குக் கணக்காத் தெரியும்" என்பாள் தெயோபிஸ்தா. சிரிப்பு அடங்கும்.

டாக்டர் நாடா கொண்டுவந்து இரண்டு நடையையும் அளந்து, அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தார். இரண்டாம் வருடம் கூண்டுக்குள் மரக்கிளைகள் வைத்து, இறைச்சியை உயரத்தில் ஒளித்து, பக்கத்துக் கூண்டையும் இடித்துச் சேர்த்தார்கள். சிறுத்தை சுவரோரமாகத் திரும்பித் திரும்பி நடப்பது பாதியாகக் குறைந்தது; திரும்பாமல் நடக்கும் தூரமோ பத்தொன்பது அடியானது. அன்று மாலை பொன்சியானோ பத்தொன்பது அடி நடந்து தண்ணீர்க் குழாயைத் தொட்டான். தெயோபிஸ்தா குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு ஆய்வுக்குழு கூடிய நாட்களிலெல்லாம் அவளும் போய் மண்டியிட்டு வணங்கிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

"நாப்பது அடி குடுங்க, கோயிலுக்குப் போயிடுவாரு. நூறு குடுத்தா சந்தைக்குப் போவாரு. அந்த மிருகத்துக்கு ஒரு வீடு கட்டுங்கய்யா."

வீடு கட்டப் பணமில்லை. ஆனால் வடக்கே, வறண்ட சமவெளியில், சிறுத்தைகள் அருகிப்போன காப்புக்காடு ஒன்று இருந்தது. சிறுத்தையின் கழுத்தில், இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் பட்டை கட்டி அங்கே விட்டுப்பார்க்கலாம் என்று முடிவானது. டாக்டர் அவளைத் தனியே அழைத்தார்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கங்க. அங்க வேலியே கிடையாது."

"அதத்தான டாக்டரம்மா நான் நாலு வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

பயணத்துக்காகச் சிறுத்தையைப் பெட்டியில் அடைத்த இரண்டு நாளும் பொன்சியானோ கட்டிலருகே நின்ற இடத்திலேயே நின்றான். அவள் ஊட்டிவிட்டாள். மூன்றாம் நாள் காலை பெட்டியின் கதவு அங்கே திறந்தது. இங்கே அவன் வாசலைத் தாண்டினான். தெயோபிஸ்தா பின்னாலேயே போய் உரக்க எண்ணினாள். இருபது, நாற்பது. அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். கோயிலைக் கடந்தான், சந்தையைக் கடந்தான். இருநூற்றுப் பதினாறில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"போதுங்க, திரும்புங்க!"

அவன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தான். முகத்தில் குழப்பம்தான் இருந்தது, மகிழ்ச்சி இல்லை. நாலு வருடமாக அவனைத் திருப்பியது சுவர். சுவர் இல்லாமல் திரும்புவது எப்படி என்று காலுக்கு மறந்துபோயிருந்தது. மதியம் பலாப்பழக்காரர்கள் அவனை வடக்குச் சாலையில் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் புருஷனின் குலத்தாரை அழைத்து, சாவுச் சடங்கை முடித்துத் தன்னை விடுவிக்கச் சொன்னாள். சடங்கு முடியாமல் அவள் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது, வேறு துணை தேடவும் முடியாது. மூத்தவர் கலிபாலா, டாக்டர் மாதாமாதம் அனுப்பும் காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வரைபடத்தில் சிறுத்தை போன இடமெல்லாம் நேரத்தோடு புள்ளி புள்ளியாக இருந்தது.

"பட்டை இன்னும் பேசுதேம்மா. உசுரோட இருக்கிறவனுக்கு எப்படிச் சடங்கு பண்றது?"

"அது சிறுத்தைங்க மாமா."

"அவனும் அந்த வீட்டுப் பிள்ளதானம்மா."

அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் போனார்கள். ஊரும் அவளிடம் புருஷன் எங்கே என்று கேட்பதில்லை, இந்த மாதம் எதுவரை போயிருக்கிறான் என்று கேட்கிறது. ஆற்றைத் தாண்டிவிட்டார், மலையடிவாரம் வரை போயிருக்கிறார் என்று அவளும் சொல்கிறாள். நேற்றும் காகிதம் வந்தது. வழக்கம்போல மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை புள்ளி நகரவில்லை. சாப்பிட்டுப் படுத்தால் பொன்சியானோ எழுந்திருப்பது இரண்டரைக்குத்தான்.