படத்தில் விழுந்த வெள்ளிக் கீற்று

மலைச்சரிவில் படிக்கட்டுகளாய் இறங்கும் நெல்வயல்களைப் பார்க்கப் போன வேனில், என் மனைவிக்கு ஒரு கொக்கின் கதையைச் சொன்னேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஏழாண்டுகள் ஆகியும் கதை சொல்லும் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

குளத்து நீரில் தன் நிழலைக் கண்டு ஒரு கொக்கு மயங்கியது. இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு நீரில் இறங்கியது. நீர் கலங்கிற்று, நிழல் மறைந்தது. அழகை எட்ட நின்றே ரசிக்க வேண்டும் என்று நீதியையும் சொல்லி முடித்தேன்.

"அந்தக் குளத்து மீனெல்லாம் என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"கதையில மீனே இல்லையே."

"குளம்னா மீன் இருக்காதா? நீங்க எப்பவும் கொக்குப் பக்கந்தான்."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடவு முடிந்த சமயம் அது. ஒவ்வொரு படியிலும் நீர் நிறைந்து, வானம் துண்டு துண்டாக மலைமேல் கிடந்தது. ஓட்டுநர் அரைமணி நேரம் கொடுத்தார். மற்றவர்கள் சாலையோரக் கம்பியருகே நின்றே படம் எடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. காமிராவுடன் கல்பாதையில் கீழே இறங்கினேன். மூன்றாவது படியின் வரப்பில், முழங்கால்வரை சேறு அப்பிய ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சரிவு முழுதும் ஒரே படத்தில் அடங்கிவிடும் என்று தோன்றியது.

என் நோக்கத்தைப் புரிந்துகொண்டவள்போல, "இங்க மிதிக்காதீங்க ஐயா. காலையிலதான் எங்க வீட்டுக்காரர் மண் அணைச்சாரு. ஈரம் காயல" என்றாள்.

"சரிம்மா."

மேல் மடையிலிருந்து யாரோ கூப்பிட, அவள் ஏறிப் போனாள். ஒரு நிமிடந்தானே என்று நான் அதே வரப்பில் கால் வைத்தேன். வலது கால் கணுக்கால்வரை புதைந்தது. புதைந்தபடியே மூன்று படங்கள் எடுத்தேன். வேனின் ஹாரன் ஒலித்தது. காலைப் பிடுங்கி, குதிகாலால் சேற்றைக் குழிக்குள் தள்ளிவிட்டு ஓடினேன்.

"என்ன சார், ஒரு கால்தான் சேத்தைப் பாத்திருக்கு? இன்னொண்ணுக்கு டிக்கெட் எடுக்கலையா?" என்றார் ஓட்டுநர்.

அந்த மூன்றாவது படம் ஊரில் பேரெடுத்தது. பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "சார், அடியில வெள்ளிக் கீற்று மாதிரி ஒண்ணு ஓடுதே, அதுதான் படத்துக்கே உயிரு" என்றார். வெயிலின் மினுக்கம் என்று நானும் நம்பினேன். கூடத்தில் மாட்டினோம்.

அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் போக வாய்த்தது. "அந்தம்மாவுக்கும் ஒரு படம் கொடுக்கலாமே, அவங்க வயல்தானே" என்றாள் மனைவி. சட்டம் போட்டு எடுத்துச் சென்றோம்.

அதே வரப்பில் அவள் தனியாக நின்று சேறு அணைத்துக்கொண்டிருந்தாள். கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். முகம் மலர்ந்தது. தங்கள் கொட்டகையைக் கண்டுபிடித்தாள். பிறகு அவள் விரல் படத்தின் அடியில் நின்றது.

"இது தண்ணியில்ல?"

"வெயில் பட்டு மின்னுதும்மா."

"வெயில் வரப்பை அறுத்துக்கிட்டு கீழ்வயல்ல விழுமா ஐயா?" குனிந்து இன்னும் கூர்ந்து பார்த்தாள். "இதே வரப்புதான். அன்னைக்கு நான் மடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள உடைச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டு வயல் நாத்தும் போச்சு. எங்க முறைத் தண்ணி திரும்பி வர ஒன்பது நாள். ஒரு வரப்பு அணைக்கத் துப்பில்லாத மனுஷன்னு வீட்டுக்காரரை ஊரே கேக்க ஏசிட்டேன். நல்லாத்தான் அணைச்சேன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. நான் நம்பல. மறுநாள் செங்கல் சூளைக்குக் கிளம்பினவர்தான். போன் பண்ணா எடுக்கறதில்ல. இந்த நடவுக்கும் வரல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு மலையேறியிருக்கலாம். ஆனால் என் மனைவி என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'யார் செய்தது? எழுந்து நில்' என்று முப்பத்துமூன்று ஆண்டுகள் கேட்டவன் நான். இப்போது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். சொல்வது மட்டுமே பாக்கி.

"நான்தாம்மா. மிதிக்காதீங்கன்னு சொன்னீங்க. நீங்க போனதும் மிதிச்சேன். கால் புதைஞ்சுது. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம வேனுக்கு ஓடிட்டேன்."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. எனக்குச் சேர வேண்டிய ஏச்சையெல்லாம் சென்ற ஆண்டே வேறொருவருக்குக் கொடுத்து முடித்திருந்தாள். நாற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுகிறேன் என்று நான் தடுமாறியபோது, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"சட்டத்தைக் கழட்டுங்க."

கழற்றினேன்.

"பின்னாடி எழுதிக் கொடுங்க. இனிமே நான் சொன்னா அவரு காது கொடுக்கமாட்டாரு. படத்தோட அனுப்பினா பாப்பாரு."

பாதைக் கல்லில் படத்தைக் கவிழ்த்து வைத்து, கரும்பலகையில் எழுதும் அதே எழுத்தில் எழுதினேன்: 'வரப்பு நன்றாக அணைக்கப்பட்டிருந்தது. உடைத்தவன் நான்.' பெயரும் தேதியும் இட்டேன். இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்த 'நன்றாக' மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும் ஐயா."

அதன்மேல் மீண்டும் மீண்டும் பேனாவை ஓட்டித் தடிப்பாக்கினேன். அவள் படத்தைச் சுருட்டித் துணியில் முடிந்துகொண்டு, வெறும் சட்டத்தை என்னிடம் நீட்டினாள்.

"வருவாராம்மா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்?"

மேலே ஹாரன் ஒலித்தது. இந்த முறை நான் ஓடவில்லை. வரப்பைத் தொடாமல் கல்பாதையைச் சுற்றிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒற்றை ஆளாகச் சேற்றை அள்ளி, பழையபடி வரப்பை அணைக்கக் குனிந்திருந்தாள்.