தருமன் லாரி பிறந்த வருஷம்

அடி அண்ணாமலை தருமனிடம் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. ஏலத்தில் எடுத்த ஒரு தரகரிடம் இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கினான். முதுகில் இரும்புத் தொட்டியை ஏற்றி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவான். ஊற்றி முடியும்வரை சும்மா நிற்க முடியாதே, கதை சொல்லுவான். இந்த லாரி எழுபத்தொன்றில் போருக்குப் போன லாரி என்பதுதான் கதை.

தரகர் சொன்னபோது அது ஒரு வரிதான். தருமன் வாயில் அது நாளாக ஆக வளர்ந்தது. லாரி ஓர் ஆற்றைக் கடந்தது. இரண்டாம் வருஷம் அந்த ஆற்றில் வெள்ளம் வந்தது. நாலாம் வருஷம் வலது கதவில் எதிரியின் குண்டு பட்டது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் அந்தக் கதவின் பள்ளத்தில் விரலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கதையின் முடிவு பின்கதவில் இருந்தது. அங்கே ஒரு பச்சை மலை, உச்சியில் தீபம், பக்கத்தில் ‘அண்ணாமலையார் துணை’. பச்சையும் தீபமும் எழுத்தும் தருமன் போடவைத்தவை. மலை மட்டும் வண்டி வந்தபோதே வெள்ளைக் கோட்டில் இருந்தது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். எங்கேயோ வடக்கே ஓடிய வண்டியில் நம் மலை எப்படி வந்தது? அதைப் பார்த்துத்தான் வேறு எதையும் பார்க்காமல் வாங்கினான்.

இந்தப் பெருமைக்குக் குடியரசு தினத்தால் ஆபத்து வந்தது. ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியை வினோதினி, இந்த வருஷம் மைதானத்தைச் சுற்றி வரும் ஊர்வலத்தில் தருமன் லாரி முதலில் போகட்டும் என்று சொல்லிவிட்டார். போன மூன்று வருஷமும் முதலில் போனது சுப்பிரமணியின் டிராக்டர். சுப்பிரமணி பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, மிக மரியாதையாகக் கேட்டார்.

“போருக்குப் போன வண்டின்னா ஒரு நம்பர், ஒரு வருஷம் இருக்கணும் இல்லீங்களா டீச்சர்? நாளைக்குப் பசங்க கேட்டா இன்னா சொல்றது?”

டீச்சருக்கு எதுவும் எழுத்தில் வேண்டும். வருஷமும் நம்பரும் சனிக்கிழமை மாலைக்குள் கையில் தாருங்கள், இல்லாவிட்டால் டிராக்டர்தான் என்று முடித்துவிட்டார். தருமன் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். அதில் இருந்தது வண்டி பட்டாளத்தை விட்டு வெளியே வந்த வருஷம். ரிடையர் ஆன தேதியை வைத்துப் பிறந்த தேதி சொல்ல முடியாது என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிராக்டர் பின்னால் போவதைத் தருமனால் தாங்கிக்கொள்ள முடியும். ஆனால் தன் கதை பொய் என்று ஆகிவிட்டால் பௌர்ணமிக்கு எந்த முகத்தோடு தண்ணீர் ஊற்றுவது? மனைவி கஸ்தூரி யோசிக்கவே இல்லை. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் அண்ணன் பரசுராமனுக்குப் போன் போட்டாள்.

பரசுராமன் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவர் அல்ல, ரிஜிஸ்டர் தூக்கியவர். இருபத்திரண்டு வருஷம் வண்டிக் கிடங்கில், வருகிற லாரி போகிற லாரியெல்லாம் எழுதினார். பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாளை மறப்பார். லாரி நம்பர் ஒன்றைக்கூட மறந்ததில்லை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பையில் ஒரு நோட்டு, பென்சில், உப்புத்தாள், சவர பிளேடு.

முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். வலது கதவின் பள்ளத்தருகே நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“இது குண்டு இல்ல மாப்ள. புளியமரம். பட்டை இன்னும் ஒட்டிக்கினு இருக்குது.”

தருமன் அதைக் காதில் வாங்காதவனைப்போல நின்றான்.

சேசிஸ் நம்பர் முன்சக்கரத்துக்குப் பக்கத்துச் சட்டத்தில் குத்தியிருக்கும் என்று பரசுராமன் குனிந்தார். அங்கே நம்பர் இல்லை. சந்தனம் இருந்தது. கைக்கு வாட்டமான தட்டையான இடம் என்று, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தருமன் அங்கேதான் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தான். இருபது பூஜை. அது காய்ந்து, மேல் பூச்சு ஏறி, மறுபடி காய்ந்து சட்டத்தில் ஒரு வடை மாதிரி உட்கார்ந்திருந்தது. பரசுராமன் பிளேடால் பெயர்க்கப் பெயர்க்க, சாமிக்கு வைத்தது காலில் படக்கூடாது என்று கஸ்தூரி கீழே தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு டீசல் போட்டுத் துடைத்து, வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். தாளில் எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசியில் வருஷம் வந்தது. எண்பத்தெட்டு.

 தருமன் தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“மச்சான், இந்த முதல் எட்டை ஆறுன்னு படிக்கலாமா? மேல் வளையம் கொஞ்சம் தேஞ்ச மாதிரி...”

“பட்டாளத்துல எட்டுன்னா எட்டுதான் மாப்ள.”

எஞ்சினில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதைப் புளி போட்டு விளக்கினாள் கஸ்தூரி. எழுபத்தொன்பது. தருமனுக்கு ஒன்பது வருஷம் லாபம். ஆனாலும் போர் முடிந்து எட்டு வருஷம் கழித்துப் பிறந்த எஞ்சின். கேபினுக்குள் ஆணி அடித்த தகட்டில் எண்பத்து மூன்று. பரசுராமன் நோட்டில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினார். எழுதிவிட்டு, ஜாதகத்தில் தோஷம் கண்டவரைப்போலத் தலையாட்டினார்.

இது ஒரு லாரி அல்ல, பல லாரி என்றார். கழித்த வண்டிகளில் நல்லதாகப் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்று கழற்றிச் சேர்த்துவிடுவார்களாம்.

“அப்போ இதுக்கு இன்னாதான் வயசு?” என்றான் தருமன்.

“உங்களுக்குப் போன வருஷம் ரெண்டு பல்லு கட்டுனாங்க,” என்றாள் கஸ்தூரி. “அதுக்காக உங்களுக்கு ஒரு வயசுன்னா சொல்றோம்?”

அது ஆறுதலா கிண்டலா என்று தருமனுக்கு விளங்கவில்லை. பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டிராக்டரே முதலில் போகட்டும் என்றான். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இந்த மனிதனை இருபத்தேழு வருஷமாகக் கேலி செய்து வந்த கஸ்தூரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கட்டத்தைக் காலியாக விடுவது பரசுராமனுக்கு ஆகாது. பட்டாளத்து நம்பர் பலகை எங்கே என்று கேட்டார். அப்படி எதுவும் வரவில்லை என்றான் தருமன்.

“பலகையா இல்லாட்டியும் எழுதியாவது இருப்பாங்க. முதல்ல மேல பாத்த மாதிரி ஓர் அம்பு. வண்டி கவுந்து கிடந்தாலும் எது மேல்பக்கம்னு தெரியணும் இல்ல? அம்புக்கு அடுத்து ரெண்டு எண், அது வருஷம். அப்புறம் ஓர் எழுத்து, அப்புறம் வரிசை நம்பர்.”

“அம்பெல்லாம் கிடையாது மச்சான்.”

“அம்பு எப்படி இருக்கும்ணா?” என்று கேட்டாள் கஸ்தூரி.

பரசுராமன் நோட்டில் வரைந்தார். இரண்டு பக்கமும் சரிந்த கோடுகள், மேலே கூர், நடுவில் நிமிர்ந்த ஒரு கோடு. கஸ்தூரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கிப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது இன்னாங்க?”

தருமன் யோசிக்காமல் சொன்னான். “மலை.”

சொன்ன பிறகு வாயை மூட மறந்துவிட்டான். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வண்டியின் பின்பக்கம் போய் நின்றார்கள்.

மலையைச் சுரண்டத் தருமன் ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் போனாலும் மாட்டேன் என்றான். வேண்டியதும் இல்லை. எண்கள் மலைக்கு வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கே ‘அண்ணாமலையார்’ என்பதன் முதல் எழுத்து இருந்தது. தருமன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ம் என்றான். பரசுராமன் பிளேடை வைத்தார்.

மஞ்சள் போயிற்று. அதன் கீழ், நம்பரை மறைக்கத் தரகர் பூசியிருந்த நீலம் போயிற்று. அதன் கீழ் பட்டாளத்துப் பச்சையில், தெளிவான வெள்ளையில், ஓர் ஆறு. பக்கத்தில் ஓர் எட்டு.

“மச்சான், இது ஆறுதானே?”

“பட்டாளத்துல ஆறுன்னா ஆறுதான்,” என்றார் பரசுராமன். சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் பின்கதவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு அடுத்த எழுத்துகளையும் சுரண்டி, வரிசை எண்ணை நோட்டில் ஏற்றினார்.

அன்று மாலை டீச்சர் கைக்குப் போன தாளில் இப்படி இருந்தது: பின்கதவு 1968, வரிசை எண் உள்பட. மற்ற பாகங்கள் பிற்பாடு பிறந்தவை: எஞ்சின் 1979, கதவுகள் உள்பட கேபின் 1983, சேசிஸ் 1988. பின்கதவு எழுபத்தொன்றில் போருக்குப் போயிருக்கக்கூடும்; போகவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. இப்படிக்கு, பரசுராமன்.

டீச்சர் இரண்டு தடவை படித்தார். சுப்பிரமணியும் எட்டிப் படித்தார். கதவுக்காக ஒரு லாரியை முன்னால் விடுவீர்களா என்று கேட்டார். டீச்சர் பேனாவை மூடினார்.

“தகுதி பின்கதவுக்குத்தான் சார் இருக்கு. அதனால பின்கதவு முதல்ல வரட்டும். லாரி அதுக்குப் பின்னாடி வரட்டும்.”

குடியரசு தினத்தன்று காலை எட்டரைக்கு ஊர்வலம் புறப்பட்டது. மைக்கில் டீச்சர் நிதானமாக வாசித்தார்: “முதலாவதாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருஷத்துப் பின்கதவும், அதனுடன் இணைந்த லாரியும்.” பிள்ளைகள் கை தட்ட, மாலை போட்ட பின்கதவு முன்னால் வர, லாரி ரிவர்ஸில் மைதானத்துக்குள் நுழைந்தது. பரசுராமன் ஓரமாக நடந்தபடி, வரலாம் வரலாம், லெஃப்ட் ஒடி, போதும், வரலாம் என்று சுற்று முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார்.

அடுத்து சுப்பிரமணியின் டிராக்டர். லாரியின் மூக்கு டிராக்டரின் மூக்கைப் பார்த்திருந்தது. மைதானம் சுற்றி முடிய இருபது நிமிஷம். கண்ணாடியைப் பார்த்து ஓட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் தருமன் சுப்பிரமணியையும், சுப்பிரமணி தருமனையும் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை கண் பட்டபோதும் தருமன் வணக்கம் வைத்தான். மூன்றாவது வணக்கத்துக்கு மேல் சுப்பிரமணி கழுத்து வலிப்பதுபோல மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிட்டாய் கொடுத்து முடித்ததும் சுப்பிரமணி நேராக வலது கதவிடம் வந்தார். இந்தப் பள்ளம் குண்டு பட்டது என்றாயே, கதவு எண்பத்து மூன்றாம் வருஷம் ஆயிற்றே என்றார். நாலு பேர் கூடிவிட்டார்கள். கஸ்தூரி புருஷன் முகத்தையே பார்த்தாள்.

“அது புளியமரம்ங்க,” என்றான் தருமன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று அவள் நினைக்கவில்லை. 

தருமன் கூட்டத்தை மெதுவாகப் பின்பக்கம் அழைத்துப் போனான். ஆறு, எட்டு என்ற எண்களின் மேல் பிளேடு இழுத்த புதுக் கீறல்கள் வெயிலில் பளபளத்தன.

“கதவை விடுங்க. இங்க பாருங்க. இந்தக் கீறல் எப்படி விழுந்துச்சுன்னு தெரியுமா? ஒரு பெரிய ஆறுங்க. அதுல அன்னிக்குன்னு பாத்து வெள்ளம்...”

பரசுராமன் சட்டைப்பையில் இருந்த பிளேடைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோட்டை வெளியே எடுத்தார். கஸ்தூரி அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, வாங்கண்ணா, டீ ஆறுது என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.