கையின் மேல் பழி

மறுபடியும் சாணை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான் ஜெயவேல். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவள் சிலுவையம்மாள். பேசின் பிரிட்ஜில் இருக்கும் இவன் பட்டறைக்குப் பஸ் பிடித்து வருவாள். அவள் கைக்கு அளவு பார்த்து, பிடி செதுக்கி, கத்தி செய்து கொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எத்தனை தடவை! ஒரு தடவையாவது கத்தியைக் குறை சொல்லியிருந்தால் இவனும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். மகராசி, வாயே திறக்கவில்லை.

“இதான் கடேசி சாணை நைனா. நல்லா புடிச்சிக் குடு. எங்கூட செதிலு சொரண்டற பொண்ணு தேவப்பிரியத்தாண்ட குடுத்துறப் போறேன்.”

“இன்னாத்துக்குக்கா?”

“இனிமே என் எடத்துல அவதான் குந்துவா. எனக்கு மணிக்கட்டுல வலுவே இல்ல. ஒரு பாற மீனு தலைய பொளக்க நாலு போடு போட வேண்டிகீது. வர்றவங்க பக்கத்தாண்ட பூட்றாங்க. மருமவ போடறதத் துன்னுகினு வூட்ல கெடக்க வேண்டியதுதான்.”

அந்தக் கத்தியை ஜெயவேல் செய்தது லாரி ஸ்டிரைக் நடந்த சமயம். லாரியிலிருந்து கழற்றிப் போடும், கூர் நிற்கிற ஸ்பிரிங் பட்டா எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவளோ அவசரப்படுத்தினாள். ஜன்னல் கிரில்லுக்குப் போடும் சாதா இரும்பைத் தட்டி, பளபளவென்று தேய்த்து, பட்டா என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். சீக்கிரமே வந்து சண்டை போடுவாள், அப்போது வேறு செய்து கொடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய சமாதானம். அவள் தன் கையையே சந்தேகப்படுவாள் என்று எவன் கண்டான்? இந்த நாலு மாதமாக அவள் தலை தெருமுனையில் தெரிந்தாலே அவனுக்கு உடம்பு சோர்ந்து போகும். இன்றைக்குக் கத்தியைச் சாணையில் வைக்காமல் கீழே போட்டான்.

“யக்கா, ஒன் கை நல்லாத்தான் கீது. கத்திதான் சரியில்ல. பட்டான்னு சொல்லி கிரில்லு இரும்ப ஒன் தலையில கட்டிட்டேன்.”

அவள் சிரித்தாள். “கெய்வி மனசு நோவக் கூடாதுன்னு ஒன் தொழில நீயே கொற சொல்லிக்கிறியா? வயசாய்ட்ச்சி நைனா. எனக்குத் தெர்யாதா?”

உண்மையைச் சொல்லி நல்லவன் பட்டம் வாங்கியது அவனுக்குக் கேவலமாக இருந்தது. யாருக்கோ ஸ்பிரிங் பட்டாவில் செய்து முடித்திருந்த மீன் கத்தி ஒன்றை எடுத்தான். அவள் வீட்டுக்கென்று கூடையில் வைத்திருந்த பாறை மீனைப் பட்டறையில் கிடந்த மரக்கட்டைமேல் போட்டான்.

“ஒரே ஒரு தபா வெட்டுக்கா.”

பிடி அவள் கைக்குச் சேரவில்லை. அலுத்துக்கொண்டே ஓங்கினாள். தலை ஒரே போடில் இரண்டாகப் பிளந்தது.

சிலுவையம்மாள் விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினாள்.

“ராவானா தைலம் தேச்சிகினு கெடந்தேனேடா,” என்றாள். ‘நைனா’ போய் ‘டா’ வந்திருந்தது.

“வேற செஞ்சித் தர்றேங்கா. துட்டு வாணாம்.”

“செஞ்சி? காத்தாலதான் என் மீன் வெட்ற கட்டையத் தூக்கி அவ கையில குடுத்தேன். சந்தோசத்துல அழுதாடா அவ. இப்ப போயி புடுங்கவா?”

அவள் மீனின் பக்கம் திரும்பி, வால்வரைக்கும் ஒரே அளவாகத் துண்டு போட்டாள். மீன் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. வெறும் கட்டையில் ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டிருந்தாள். மரச்சில்லுகள் தெறித்து ஜெயவேலின் காலடியில் விழுந்தன.