தாமரைமேட்டு மதகின் வெள்ளோட்டம்

தாமரைமேட்டுக்குப் பெயரில் மட்டும்தான் மேடு. முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கடலுக்கு முன்னால் கடைசியாக நெல் விளைகிற ஊர் அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் அங்கே வந்து சேர்வதற்குள் கண் பூத்துப் போகும். வானத்திலிருந்து விழுந்த தண்ணீரோ, வந்தால் போகாது.

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் அனுராதா தன் குத்தகை நிலத்தைத் தேடிக்கொண்டு நின்றாள். வரப்பு எங்கே, வயல் எங்கே என்று தெரியவில்லை. ஐந்து மா நிலத்தில் சம்பா, நட்டு முப்பது நாளான பயிர், நுனி கூடத் தெரியாமல் முழுகிக் கிடந்தது. புயலுக்கு முன்னால் கொட்டிய மழையோடு சேர்த்து இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் வேர் அழுகிவிடும். மறுபடி நட நாற்றும் இல்லை, பருவமும் இல்லை.

இத்தனைக்கும் ஊரில் புது மதகு இருந்தது. வடிகால் கடலில் சேரும் இடத்தில் பெரிய இரும்புப் பலகை. கடல் வற்றும்போது அதைத் தூக்கினால் ஊர்த் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறும்போது இறக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே வராது. கட்டி முடித்து ஒரு மாதம் ஆகிறது. கல்வெட்டு அதற்கும் முன்னாலேயே தயார். அதில் பதினேழு பெயர்கள் இருந்தன, கட்டிய கொத்தனாருடையதைத் தவிர. குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. பலகையைத் தூக்கச் சுழற்றும் கைப்பிடியை ஊராட்சித் தலைவர் கோவிந்தராசு சந்தனம், குங்குமம் வைத்துத் தன் வீட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அமைச்சர் வந்து திறந்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. அமைச்சர் வருவதற்குள் புயல் வந்துவிட்டது.

அனுராதா தலைவர் வீட்டுக்குப் போனபோது, மதகுப் பலகையை ஏற்றி இறக்கும் லஸ்கர் திருமுருகன் ஏற்கெனவே வாசலில் நனைந்துகொண்டு நின்றான். "வெள்ளத்தை வென்ற வேங்கையே" என்று அமைச்சரை வரவேற்ற நாற்பதடி பேனர் காற்றில் பிய்ந்து வந்து தலைவரின் மாட்டுக் கொட்டகை மேல் விழுந்திருந்தது. அதனால் மாடுகள் மட்டும் நனையவில்லை.

"தலைவரே, கைப்பிடியக் குடுங்க. மதகத் திறக்கணும்" என்றாள்.

கோவிந்தராசு வெள்ளை வேட்டிக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'திறக்கணும்' என்ற சொல் காதில் விழுந்ததும் துள்ளி எழுந்தார்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத தாயி! அவரு திறக்க வேண்டியத நாம திறந்துட்டா அப்புறம் அவரு எதைத் திறப்பாரு? பக்கத்து ஊர்ல என்ன ஆச்சுன்னு தெரியுமா? திறப்பு விழாவுக்கு மொத நாளு எவனோ புது டேங்க்ல ஒரு கொடம் தண்ணி புடிச்சிட்டான். அந்தத் தலைவரு இன்னிக்கி வரைக்கும் மேடைக்குக் கீழதான் நிக்கிறாரு."

"கொஞ்சமாத் தூக்கினாக் கூடவா?"

"அரை அடி தூக்கினாலும் திறப்புதாம்மா."

"உங்க வயலும்தான முழுகிக் கெடக்கு?"

அவருடையது பத்து மா. காலையிலிருந்து ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்போது மீன்காரத் தெருவிலிருந்து செல்லத்துரை ஓடிவந்தார். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். "தலைவரே, காத்து திரும்பிடுச்சு. ரெண்டு மணிக்குக் கடல் வத்தம் புடிக்கும், பொழுது சாயறவரைக்கும் இழுக்கும். இன்னிக்கி விட்டீங்கன்னா ராத்திரி ஏத்தம் மூஞ்சில அடிக்கும். அப்புறம் நீங்க மதகத் திறந்தா என்ன, வாயத் திறந்தா என்ன?"

"யோவ், நீயும் அந்த வார்த்தையவே சொல்றியே!"

சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. அனுராதாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அழுகிப்போகும் பயிருக்கும் உயிருக்கும் நடுவில் ஒரு வார்த்தை நிற்கிறது. திறப்பு. அந்த வார்த்தையை எங்கேயாவது ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேறொரு வார்த்தையைக் கூட்டி வர முடியாதா? எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேல் அவள் பார்வை நின்றது. ஊர்க் கோயில் புதுத்தேரின் வடத்தைக் கோவிந்தராசு பிடித்திருக்கிறார்; வடத்தைவிட அவர் துண்டு நீளம்.

"தலைவரே, இந்தப் போட்டோ தேரோட்டத்துல எடுத்ததா?"

"இல்லம்மா, வெள்ளோட்டத்துல. தேரு நாலு வீதியும் சரியா ஓடுதான்னு சாமி இல்லாம இழுத்துப் பாத்தோமே. தேரோட்டம் அப்புறம் பங்குனியிலதான நடந்துச்சு."

"நாலு வீதியும் ஓடிச்சே, அத யாராவது தேரோட்டம்னு சொன்னாங்களா?"

"அதெப்படிச் சொல்லுவாங்க? சாமி இல்லாம ஓடினா வெள்ளோட்டம்தான்."

"அமைச்சர் இல்லாம ஓடினாலும் வெள்ளோட்டம்தாங்க."

கோவிந்தராசுவின் முகத்தில் வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறியது. அடுத்த நிமிடம் அது அவருடைய யோசனையாகிவிட்டது. அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டார்.

"ஐயா வணக்கம். மதகுக்கு ஒரு வெள்ளோட்டம் விடலாம்னு ஒரு முடிவு எடுத்திருக்கேன்... சேச்சே, திறப்பு இல்லீங்க! வெள்ளோட்டம்... ரிப்பன் மேல தூசு கூடப் படாதுங்க... ஆமாங்க, அமைச்சர் வர்ற அன்னிக்கி பலகை எங்கேயாவது சிக்கிட்டா நமக்குத்தான கேவலம்? அதுக்குத்தான்."

சம்மதம் வந்தது. பீரோ திறந்தது. அதற்கு யாரும் விழா கேட்கவில்லை.

மதகடியில் பாதி ஊர் கூடிவிட்டது. வெள்ளோட்டம் என்று சொல்லிவிட்டால் அதற்கு முறை உண்டே; தலைவர் தேங்காய் கேட்டார், சூடம் கேட்டார், எலுமிச்சம்பழம் வர வேண்டும் என்றார்.

"வத்தம் என்ன உங்க கட்சிக்காரனா, நீங்க வர்றவரைக்கும் கைகட்டி நிக்க?" என்று செல்லத்துரை கத்தினார். மணி இரண்டரை. கடல் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. அனுராதா தலைவர் கையிலிருந்த தேங்காயைப் பிடுங்கிக் கல்வெட்டிலேயே அடித்து உடைத்தாள். பதினேழு பெயர்களும் தேங்காய்த் தண்ணீரில் நனைந்தன.

அடுத்த சிக்கல் ரிப்பன். அது கைப்பிடி மாட்டும் இடத்துக்குக் குறுக்கே இருந்தது. வெட்டக் கூடாது, அவிழ்க்கவும் கூடாது. ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் அதைத் தூக்கிப் பிடிக்க, திருமுருகன் அடியில் குந்தி உட்கார்ந்து கைப்பிடியை மாட்டினான். ஒரு சுற்று சுற்றினான். அசையவில்லை. பூசிய பெயின்ட் பலகையை அப்படியே ஒட்டிப் பிடித்திருந்தது.

"அக்கா, நீங்களும் ஒரு கை போடுங்க" என்றான்.

அனுராதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரிப்பனுக்கு அடியில் புகுந்தாள். செல்லத்துரையும் வந்தார். மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியதில், எங்கேயோ 'டக்'கென்று விட்டது. பலகை நான்கு விரல் எழும்பியது. அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. "திறந்தாச்சு!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. எந்த வார்த்தையைக் கத்துகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை.

"வெள்ளோட்டம்! வெள்ளோட்டம்!" என்று திருத்திக்கொண்டே ஓடினார் கோவிந்தராசு. யாரும் கேட்கவில்லை.

பொழுது சாயும்வரை தண்ணீர் போனது. கடல் ஏறியதும் பலகையை இறக்கினார்கள். மறுநாள் இரண்டாம் வெள்ளோட்டம், அதற்கு மறுநாள் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தலைவர் உதவியாளருக்குப் போன் செய்து தகவல் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் வெயில் அடித்தது. அனுராதா வயலில் இறங்கினாள். சேறு படிந்த பயிர், தலை வாராத பிள்ளைகள் மாதிரி நாலா பக்கமும் சாய்ந்து நின்றது. ஒரு தூரைப் பிடுங்கி வேரை மூக்கருகில் கொண்டுபோனாள். அழுகல் வாடை இல்லை. பழுப்பு வேர்களுக்கு நடுவில் புதிதாக வெள்ளை வேர் விட்டிருந்தது. அதை அந்த இடத்திலேயே திரும்ப ஊன்றி, கட்டை விரலால் அழுத்தினாள். அழுத்திய பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள்.

பக்கத்து வரப்பில் கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் பயிரைத் தடவிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"சொல்லுங்கய்யா... வர்ற வெள்ளிக்கிழமையா? ரொம்ப சந்தோஷங்க... என்னது, போட்டோவுக்குத் தண்ணி வேணுமா?"

அவர் நிமிர்ந்து வடிகாலைப் பார்த்தார். அடித்தரை தெரிந்தது. ஒரு கொக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி இல்லீங்களேய்யா" என்றார், வீட்டில் பிள்ளை பிறந்த சேதி சொல்லுகிற குரலில். "ஒரு சொட்டு இல்லீங்க. எல்லாம் கடலுக்குப் போயிடுச்சு!"