தேன்மொழி அங்கே பிறந்த காரணம்

1

முதலில், யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இடம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜமால் கடை, பின்சுவரை ஒட்டிய மேசை. சுவரோரம் நான். எதிரே பிரேமலா. அவர் பக்கத்தில் பதினேழு வயது மகள் தேன்மொழி. மேசையின் மேல், பால் டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் பிரேமலாவின் கணவர் சின்னத்தம்பி. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் அவருக்கு அது சாப்பாட்டு நேரம். அடுத்த மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரேமலாவின் அப்பா அய்யாவு. அவரை யாரும் அழைக்கவில்லை.

நான் ஜெயபாலன். பெக்கோக் தமிழ்ப்பள்ளியில் கடிதம் எழுதப் பழகியவன். இப்போது ஊராருக்கு மலாயில் மனு எழுதித் தருகிறேன். கதை எழுதுகிறவன் அல்லன். அன்று எழுதிய மனுவில் அடித்த வரிகள் நிறைய மிஞ்சின. அவற்றைக் கசக்கிப் போட மனம் வரவில்லை. இந்தக் கதை அந்த வரிகளால் ஆனது.

2

விஷயம் இதுதான். தேன்மொழி சிங்கப்பூரில் பிறந்தவள். அம்மா மலேசியர், அப்பா இந்தியர். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தன் குடியுரிமையைத் தர அப்பாவால் முடியும், அம்மாவால் முடியாது என்றிருந்த காலம் அது. ஆகவே அவளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். சிகாமட் மருத்துவமனையில் பிறந்த தம்பி ரூபேந்திரனிடம் நீல ஐசி, அதாவது மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை. சிங்கப்பூர்ப் பாலம் தாண்டிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தம்பி ஒரு வரிசை, அக்கா வேறு வரிசை. தம்பி முன்னால் போய் நின்றுகொண்டு, “வெல்கம் டு மலேசியா” என்று கையசைப்பானாம்.

அவளுக்குப் பதினெட்டு ஆவதற்குள் குடியுரிமை மனு போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால், மாணவர் பாஸ் முடிந்ததும் அவள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஒரே ஒரு முறை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள்.

“சட்டத்த மாத்திட்டாங்கன்னு டிவியில சொன்னாங்களேண்ணே?” என்றார் பிரேமலா.

“மாத்தினாங்கம்மா. இனிமே பொறக்குற பிள்ளைங்களுக்கு.”

“அப்ப நான் திரும்பப் பொறக்கணும்,” என்றாள் தேன்மொழி. “அம்மா, ரெடியா?”

“வாய மூடு லா.”

பால் டின் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது. “சார், எம் பொண்ணு அப்படித்தான் பேசும். அத எழுதிராதீங்க.”

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.)

சின்னத்தம்பி பிறந்த நாடு, பிள்ளைகள் போதும் என்று ஒரு காலத்தில் ஊர்ச் சுவர்களில் எழுதியது. அவர் தன் வீட்டில் ஐந்தாவது பிள்ளை. வேலை செய்யும் நாடு, பிள்ளை பெறுங்கள் என்று தன் மக்களுக்குப் பணம் கொடுக்கிறது. அவர் அதன் மக்களில் ஒருவர் அல்லர். மனைவியின் நாட்டிலும் பிறப்பு குறைகிறது என்று வானொலியில் கவலைப்படுகிறார்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். பிள்ளை இல்லை என்று கவலைப்படுகிறவர்கள், வாசலில் வந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து நீ யார் என்று ஏன் கேட்கிறார்கள்? மூன்று நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்கும் படத்தைப் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நின்றால் படத்தில் தெரியாது.

(கடைசி வரியை மனுவில் எழுதி அடித்தேன். கதையிலும் அடிக்கலாம். இருக்கட்டும்.)

4

பிள்ளை ஏன் அங்கே பிறந்தது? இப்படிப்பட்ட மனுவில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது என் வழக்கம்.

முதல் வரைவு: ‘எதிர்பாராத மருத்துவ அவசரத்தால்...’

“அவசரம்லாம் இல்லையேண்ணே. டாக்டர் கடுதாசி கேட்டா எங்க போறது?”

இரண்டாம் வரைவு: ‘வளைகாப்பு முடிந்த அன்று மாலை பிரேமலா பேருந்தில் ஏறியபோது வானம்...’

[வேண்டாம். அன்று வானத்தை யாரும் பார்க்கவில்லை.]

நடந்தது இது. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்க வேண்டும் என்பது வழக்கம். பிரேமலாவும் அப்படித்தான் பெக்கோக்குக்கு வந்தார். வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பந்தி பரிமாறும் இடத்தில் யாரோ பேரப்பிள்ளைக்குத் தொட்டில் வாங்கியாச்சா என்று கேட்டார்கள். தோட்டத்தில் லாரி ஓட்டிய அய்யாவு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “ஊர்க்காரன் பிள்ளைக்கு நான் ஏன்டா தொட்டில் கட்டணும்?”

(தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களை இங்கே ஊர்க்காரன் என்போம். சொல்லும் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது.)

சாயங்காலமே பிரேமலா கைநிறைய வளையலோடு பேருந்து ஏறினார். மறுநாள் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். பிள்ளை அங்கேயே முந்திக்கொண்டது.

5

இந்த இடத்தில் அய்யாவு திரும்பிப் பார்த்தார். இந்தக் கதையின் முந்தைய வரைவில் அவரை அழவைத்திருந்தேன். அவர் அழவில்லை. அழுகிற அய்யாவு எனக்கு வசதியானவர், அவ்வளவுதான். உண்மை அய்யாவு நாற்காலியைப் பாதி இழுத்துப் போட்டுக்கொண்டு, பேரம் பேசுகிறவர் மாதிரி சொன்னார்:

“தம்பி, நான் வெரட்டுனேன்னு எழுது. எம் பேரு, ஐசி நம்பரு எல்லாம் போடு. கையெழுத்து வைக்கிறேன். பொட்டப்புள்ள மேல தப்பு இல்ல, கெழவன்தான் காரணம்னு அவுங்களுக்குத் தெரியட்டும்.”

பிரேமலா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். “அதெல்லாம் வேணாம்னு சொல்லுங்கண்ணே.”

“உண்மைதானேம்மா?”

“உண்மைதான். எழுதிட்டா அவருக்குப் பாரம் எறங்கிடும். எறங்க வேணாம்.”

கைப்பேசியில் சின்னத்தம்பி, “பிரேமா, வயசானவரு...” என்று தொடங்கினார்.

“உங்களத்தான் சொன்னாரு. நீங்க சும்மா இருங்க.”

அவருக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்க வேண்டும். திரை இருண்டது.

என் பங்குக்கு நான் கணக்குப் போட்டேன். அய்யாவு சொன்னதை எழுதினால், குடும்பச் சண்டை, தாய் தானாகப் போனாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். பொய் எழுதினால் சான்று கேட்பார்கள். இரண்டையும் இரண்டு தாளில் எழுதித் தேன்மொழி பக்கம் தள்ளினேன். அவள் மலாய் என் மலாயைவிட நல்ல மலாய். நிதானமாகப் படித்தாள்.

“அங்கிள், ரெண்டுலயும் நான் இல்லையே.”

“உனக்காகத்தானே எழுதுறோம்.”

“நான் அப்ப பொறக்கவே இல்ல. தாத்தா என்ன பேசுனாரு, அம்மா ஏன் கோவிச்சாங்க, அதுக்கு நான் என்ன செய்ய? அம்மா வேலைக்குப் போனாங்க. அதான் காரணம். ஜொகூர்ல பாதிப் பேரு விடிஞ்சா பாலத்துலதான நிக்கிறாங்க? போகாதேன்னு எந்த அமைச்சராச்சும் சொன்னாரா? அத எழுதுங்க.”

அதையே எழுதினேன். ‘பிள்ளை பிறந்தபோது தாய் வேலைக்குப் போயிருந்தார்.’ ஒரே வரி. இருபது ஆண்டுகளாக மனு எழுதுகிறேன், இவ்வளவு சிறிய பத்தி எழுதியதில்லை.

அய்யாவு எட்டிப் பார்த்தார். “எம் பேரு எங்க?”



6

இனி முடிவு.

(அ) ஒப்புதல் வருகிறது. ரூபேந்திரன் குடிநுழைவு வரிசையில் கையசைக்கும் வேலையற்றுப் போகிறான். [நான் விரும்பும் முடிவு. ஆகவே நம்ப முடியவில்லை.]

(ஆ) ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’. காரணம் இருக்காது. நம்மிடம்தான் காரணம் கேட்பார்கள். நான் எழுதிய இப்படிப்பட்ட மனுக்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான்...

(இ) பதிலே வராது. தேன்மொழி விமானத்தில்

[இதை முடிக்க மாட்டேன். நான் எழுதி முடித்தால் அவளை நான் அனுப்பியது போல் ஆகிவிடும். இந்தக் கதையைப் படிப்பவர்களில் மனுக்களை முடிவு செய்யும் மேசையில் உட்காருகிறவர் யாராவது இருந்தால், முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது, நிஜமாகவே. மற்றவர்கள் என்னைப் போலக் காத்திருக்கலாம்.]

7

தாள்களை அடுக்கி உறையில் வைத்தேன். ஒட்டும் பட்டையை உரிக்கப் போனபோது அய்யாவு கை நீட்டினார். பிரேமலாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தேன். அய்யாவு ஒட்டினார், கட்டைவிரலால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அழுத்தித் தேய்த்தார், போதும் என்று நான் சொன்ன பிறகும்.

அஞ்சலகத்துக்கு அவர்தான் கூட வந்தார். பெண்கள் இருவரும் கடையிலேயே இருந்துவிட்டார்கள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண், உள்ளே என்ன என்று வழக்கம் போலக் கேட்டாள்.

நான் வாயெடுப்பதற்குள் அய்யாவு சொன்னார்: “சூச்சு சாயா.” என் பேத்தி.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். ‘ஆவணம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, உறையை எடைபோட்டு, பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.